சொந்த வீடு, நல்ல பூட்டு, நம் கையில் சாவி: ஐரோப்பாவில் சிறு அலுவலகம் நடத்துவோருக்கு ஒரு டிஜிட்டல் வழிகாட்டி

2023 அக்டோபர் 30ஆம் தேதி காலை, ஜெர்மனியின் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் 70க்கும் மேற்பட்ட உள்ளாட்சி அலுவலகங்களில் கணினிகள் முடங்கிக் கிடந்தன. கார் பதிவுக்கு வந்தவர்களையும் சான்றிதழ் கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இந்த அலுவலகங்களுக்கெல்லாம் பொதுவாகக் கணினிச் சேவை தந்துவந்த சூட்வெஸ்ட்ஃபாலன்-ஐடி என்ற அமைப்புக்குள், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் அகிரா என்ற ரான்சம்வேர் கும்பல் இரவோடு இரவாகப் புகுந்திருந்தது. எல்லாம் பழையபடி ஓட மாதக்கணக்கில் ஆனது. வெளியிலிருந்து உள்ளே வரும் விபிஎன் வாசலில் பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பு எதுவும் இல்லை என்பது பின்னால் நடந்த ஆய்வில் தெரிந்தது.

அந்த அமைப்பு உள்ளாட்சிகளுக்கே சொந்தமானது. ‘டிஜிட்டல் இறையாண்மை’ (நம் தரவும் கணினிகளும் நம் கட்டுப்பாட்டிலேயே இருப்பது) என்று ஐரோப்பாவில் இன்று பேசப்படுவதில் பாதி அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. வீடு சொந்த வீடுதான், வாசல் தாழ்ப்பாள்தான் சரியில்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2025 ஜூன் 10ஆம் தேதி பிரெஞ்சு செனட் குழு ஒன்றின் முன்னால், மைக்ரோசாஃப்ட் பிரான்ஸ் நிறுவனத்தின் சட்டப் பிரிவுத் தலைவர் சத்தியப் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொன்னார். பிரெஞ்சு அதிகாரிகளின் சம்மதம் இல்லாமல் பிரெஞ்சு மக்களின் தரவு அமெரிக்க அரசிடம் ஒருபோதும் போகாது என்று உறுதி தர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றார். அப்படி இதுவரை நடந்ததில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். இங்கே பூட்டு உலகத் தரம். ஆனால் இன்னொரு சாவி வேறு நாட்டில் இருக்கிறது.

ஐரோப்பாவில் ஒரு சிறு நிறுவனத்தையோ, சங்கத்தையோ, உள்ளூர் அலுவலகத்தையோ பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். பாரிஸ் லா ஷப்பல் பக்கம் கடை வைத்திருப்பவராக இருக்கலாம், வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் பட்டியலை வைத்திருப்பவராக இருக்கலாம், சென்னையில் உட்கார்ந்து ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு வேலை செய்பவராகவும் இருக்கலாம். எல்லோருக்கும் என் யோசனை ஒன்றுதான்: வரிசையை மாற்றாதீர்கள். முதலில் உங்களிடம் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். அப்புறம் பூட்டு, அதன்பின் பேக்கப், பிறகு சட்டம். யாருடைய கிளவுட் என்ற கேள்வியை இவை முடிந்ததும் எடுங்கள். தாழ்ப்பாள் இல்லாமல் வீடு மாறினால் திருடனும் கூடவே வந்துவிடுவான்.

படி 1: ஒரு தாளில் எழுதுங்கள்

ஒரு பிற்பகல் போதும். நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு சேவையையும் ஒரு வரியாக எழுதுங்கள்: மின்னஞ்சல், கணக்கு மென்பொருள், இணையதளம், கோப்புகள், கடையின் பில் இயந்திரம், வாட்சாப் குழு உட்பட. ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயம் வேண்டும். அட்மின் கணக்கு யாரிடம் இருக்கிறது? பணம் யாருடைய அட்டையிலிருந்து போகிறது? தரவு எந்த நாட்டில், எந்த நிறுவனத்திடம்? நாளைக் காலை அது நின்றுபோனால் எத்தனை நாள் சமாளிப்பீர்கள்?

இந்தத் தாளில் அநேகமாக எல்லோரும் தடுக்கி விழும் இடம் டொமைன் பெயர், அதாவது உங்கள் இணையதளத்துக்கும் மின்னஞ்சலுக்கும் உரிய சொந்த முகவரி. நான் உதவப்போன ஒரு சிறு அலுவலகத்தில், பன்னிரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்திய டொமைன், எப்போதோ தளம் செய்துகொடுத்த ஒருவரின் சொந்தப் பெயரில் இருந்தது. அவர் தொழிலை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் ஒரு வருடம் கட்டணம் கட்ட மறந்தால் தளம் மட்டுமல்ல, அத்தனை பேரின் மின்னஞ்சலும் போயிருக்கும். தேடிப் பிடித்து மாற்றி எழுத ஏழு வாரம் ஆனது.

டொமைன் என்பது வீட்டுப் பத்திரம் மாதிரி. அது நிறுவனத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும். தனிநபர் பெயரில் பதிந்த விவரங்களை இப்போது பொதுவில் பார்ப்பது கடினம். ஆகவே பதிவு செய்த நிறுவனத்தின் தளத்தில் நீங்களே உள்நுழைந்து உரிமையாளர் பெயரைப் பாருங்கள். உள்நுழையவே முடியவில்லை என்றால், உங்கள் முதல் வேலை எதுவென்று தெரிந்துவிட்டது. டொமைன் உங்கள் கையில் இருந்தால் மின்னஞ்சல் நிறுவனத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், முகவரி மாறாது. இறையாண்மை பற்றிய பெரிய பேச்செல்லாம் எனக்கு இந்தச் சின்ன விஷயத்தில்தான் தொடங்குகிறது.

படி 2: பூட்டுகள்

மின்னஞ்சலில் தொடங்குங்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டேன்’ கடிதமும் அங்கேதான் வருகிறது. அது போனால் எல்லாம் போனது.

பாஸ்வேர்ட் மட்டும் போதாது, இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். எஸ்எம்எஸ்ஸில் வரும் எண் ஒன்றுமே இல்லாததற்கு மேல். ஆனால் போலிப் பக்கம் ஒன்றில் நீங்கள் அந்த எண்ணைத் தட்டினால், மறுபக்கம் இருப்பவன் அதே நொடியில் உண்மையான தளத்தில் அதைப் போட்டு உள்ளே போய்விடுவான். பாஸ்கீயும் (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் ஃபோனிலோ கணினியிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி) யுஎஸ்பி வடிவப் பாதுகாப்புச் சாவியும் வேறு மாதிரி வேலை செய்கின்றன. தளத்தின் முகவரி சரியாக இருந்தால்தான் அவை பதில் சொல்லும். எழுத்து ஒன்று மாறிய போலி முகவரியில் நம் கண் ஏமாறும், சாவி ஏமாறாது. ஸ்வீடனில் தொடங்கிய யூபிகோ, ஜெர்மனியின் நைட்ரோகீ இரண்டுமே இந்த யுஎஸ்பி சாவிகளைத் தயாரிக்கின்றன. ஆளுக்கு இரண்டு வாங்குங்கள். ஒன்று சாவிக்கொத்தில், மற்றொன்று அலுவலகப் பெட்டகத்தில். ஒன்றே ஒன்று வாங்கித் தொலைத்தவர்கள் படும் பாடு பெரியது.

பாஸ்வேர்டுகளை வைக்க ஒரு நிர்வாகச் செயலி வேண்டும். கீபாஸ்எக்ஸ்சி இலவசம், கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கும். பலர் பகிர்ந்து பயன்படுத்த ப்ரோட்டான் பாஸ் அல்லது பிட்வார்டன் வசதி. பிட்வார்டன் அமெரிக்க நிறுவனம், ஆனால் கணக்கு தொடங்கும்போதே ஐரோப்பிய சர்வரைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு பாஸ்வேர்ட் வைக்க முடிவதுதான் இதன் முழுப் பயன், ஒன்று கசிந்தாலும் மற்றவை தப்பும். அன்றாட வேலைக்கு ஒரு கணக்கு, அட்மின் வேலைக்குத் தனிக் கணக்கு. வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்றே மூடுங்கள். அதில் தயவுதாட்சண்யம் வேண்டாம், அவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

அப்டேட் விஷயத்தில், இணையத்தை நேரடியாகப் பார்த்து நிற்கும் சாதனங்களுக்கு முதலிடம் கொடுங்கள்: ரவுட்டர், ஃபயர்வால், விபிஎன், இணையதளம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதில் ஓடும் கணினி இருந்தால் தாளில் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.

சிறு நிறுவனங்களில் பணம் போவது பல நேரம் ஹேக்கிங்கால் அல்ல, ஒரு கடிதத்தால். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த ஐபானுக்கு அனுப்பவும்’ என்று சப்ளையர் பெயரில் வரும் (ஐபான் என்பது வங்கிக் கணக்கு எண்). அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள், பழைய பில்லில் உள்ள எண்ணை அழைத்துக் கேளுங்கள். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளின் வங்கிகள் பணம் அனுப்பும் முன்பே பெயரும் ஐபானும் பொருந்துகின்றனவா என்று காட்ட வேண்டும். பொருந்தவில்லை என்று திரையில் வந்தால், அவசரம் என்று யார் சொன்னாலும் நிறுத்துங்கள். உங்கள் பெயரில் பிறர் கடிதம் அனுப்புவதைத் தடுக்க டொமைனில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகள் வேண்டும். மின்னஞ்சல் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைப் பார்த்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

படி 3: பேக்கப், அதுவும் எடுத்துப் பார்த்த பேக்கப்

2021 மார்ச் 10ஆம் தேதி விடியுமுன் ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஹெச் கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தது. எஸ்பிஜி2 என்ற கட்டடம் முழுதும் எரிந்தது. ஐரோப்பிய நிறுவனம், ஐரோப்பிய மண், ஐரோப்பியச் சட்டம், எல்லாம் சரி. ஆனால் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் ஒரே இரவில் இழந்தார்கள். நெருப்புக்குக் கொடி தெரியாது.

பழைய விதி இன்றும் சரி: மூன்று பிரதி, இரண்டு வகை இடத்தில், ஒன்று வேறு ஊரில். நான் இதோடு இன்னொன்று சேர்ப்பேன். ஒரு பிரதியாவது எந்தக் கம்பியும் இல்லாமல் துண்டித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். ரான்சம்வேர்காரர்கள் உள்ளே வந்ததும் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். 2017 ஜூன் 27இல் நாட்பெட்யா தாக்குதல் டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைச் சாய்த்தபோது, அதன் வலையமைப்பின் பயனர் பட்டியலைத் தாங்கிய சர்வர்கள் உலகெங்கும் அழிந்தன. கானாவில் ஒன்று மட்டும் தப்பியது. அந்த நேரத்தில் அங்கே மின்வெட்டு! அத்தனை பெரிய நிறுவனத்தையும் காப்பாற்றியது தற்செயலாகத் துண்டிக்கப்பட்ட ஒரு பெட்டி. நீங்கள் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி வாரம் ஒன்றை மாற்றி மாற்றி வீட்டுக்கு எடுத்துப் போனாலே அந்தப் பாதுகாப்பு கிடைத்துவிடும். டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்துவிட்டு (சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டு) எடுத்துப் போங்கள், ரயிலில் மறந்துவிட்டாலும் பயமில்லை.

ட்ராப்பாக்ஸ், ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவு பேக்கப் ஆகாது. கணினியில் கெட்டுப்போன கோப்பு அங்கேயும் போய்ச் சேரும். பழைய பதிப்புகளைச் சில நாட்கள் வைத்திருப்பார்கள்தான், ஆனால் எத்தனை நாள் என்று உங்களுக்குத் தெரியுமா? அதையும் தாளில் எழுதுங்கள்.

அப்புறம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கோப்புறையை நிஜமாகவே மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். பேக்கப் ‘வெற்றி’ என்று தினமும் பச்சை விளக்கு காட்டியும், உள்ளே வெற்றுக் கோப்புகள் மட்டும் இருந்ததை நான் ஒருமுறை கண்டிருக்கிறேன். அன்று அந்த அலுவலகத்துக்கு ஆபத்து எதுவும் இல்லை, சோதனைக்காகத்தான் திறந்தோம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

படி 4: சட்டம், தேவையான அளவு

ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அளவு சிறியது என்பதால் யாருக்கும் முழு விலக்கு இல்லை. கோயில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளின் ஒவ்வாமை விவரங்களும் அதன் கீழ் வருபவைதான். உடல்நலத் தகவலுக்கு இன்னும் கடுமையான விதி. மூன்று விஷயத்தை மறக்காதீர்கள். என்ன தரவு, எதற்காக, எவ்வளவு காலம் என்ற பதிவேடு வேண்டும். உங்களுக்காகத் தரவைக் கையாளும் ஒவ்வொரு சேவையுடனும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். தரவு கசிந்து மக்களுக்குப் பாதிப்பு வரக்கூடும் என்றால், தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். நார்வேயிலும் ஜிடிபிஆர் செல்லும். சுவிட்சர்லாந்துக்குத் தனிச் சட்டம், 2023 செப்டம்பர் 1 முதல் புதிய வடிவில். பிரிட்டனுக்கும் தனி.

நிஸ் 2 என்ற ஐரோப்பிய நெறிமுறை பொதுவாக 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும், அல்லது ஆண்டுக்கு 1 கோடி யூரோவுக்கு மேல் புழங்கும் நிறுவனங்களுக்கு; அதுவும் மின்சாரம், போக்குவரத்து, மருத்துவம், உணவு, குடிநீர் போன்ற குறிப்பிட்ட துறைகளில் இருந்தால். பெரிய தாக்குதல் நடந்தால் 24 மணி நேரத்தில் முதல் எச்சரிக்கை, 72 மணியில் விவரம், ஒரு மாதத்தில் முழு அறிக்கை. நாங்கள் சிறியவர்கள் என்று விட்டுவிடலாமா? உங்கள் வாடிக்கையாளர் அந்த வட்டத்துக்குள் இருந்தால், தன் சப்ளையர்களின் பாதுகாப்புக்கும் அவர் பொறுப்பு. அதனால்தான் எட்டுப் பேர் வேலை செய்யும் கம்பெனிக்கும், கோயம்புத்தூரிலிருந்து சப்போர்ட் கொடுக்கும் குழுவுக்கும் நாற்பது கேள்வி கொண்ட படிவம் வருகிறது. படி 1இன் தாள் இருந்தால் பாதிக் கேள்விக்கு அப்படியே பதில் எழுதிவிடலாம்.

படி 5: சாவி யாரிடம்?

இப்போது இறையாண்மைக்கு வருவோம். ‘எங்கள் தரவு ஃப்ராங்க்ஃபர்ட்டில்தான் இருக்கிறது’ என்று விற்பனையாளர் சொல்வார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 2018இல் அமெரிக்கா கொண்டுவந்த கிளவுட் சட்டத்தின்படி, அமெரிக்க நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள தரவு உலகின் எந்த மூலையில் இருந்தாலும், முறையான ஆணை வந்தால் அது கொடுத்தாக வேண்டும். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தரவு அனுப்புவதற்கான ஏற்பாடுகளை ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் ஒருமுறை, 2020இல் மறுமுறை ரத்து செய்தது. இரண்டு வழக்கின் பின்னாலும் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரிய வழக்கறிஞர் இருந்தார். இப்போது இருப்பது 2023இல் வந்த மூன்றாவது ஏற்பாடு. அதன் மேல் மட்டும் பத்து ஆண்டுத் திட்டம் போடாதீர்கள்.

அதற்காக அடுத்த திங்கட்கிழமையே எல்லாவற்றையும் பிடுங்கி நட வேண்டியதில்லை. மியூனிக் நகராட்சி சுமார் 15,000 கணினிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்துக்கு மாற்றும் வேலையைப் பல ஆண்டுகள் செய்து 2013இல் முடித்தது. 2017இல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. பிரெஞ்சு ஜாண்டார்மரி காவல் படை வேறு வழியில் போனது. 2005இல் அலுவலக மென்பொருளை மட்டும் மாற்றினார்கள். பிறகு பிரவுசர், மின்னஞ்சல். ஆட்களுக்குச் செயலிகள் பழகிய பின், 2008இலிருந்துதான் அடியில் இருந்த விண்டோஸை உபுண்டுவாக (லினக்ஸின் ஒரு வகை) மாற்றத் தொடங்கினார்கள். இன்றும் அதில்தான் ஓடுகிறார்கள். வடக்கு ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமும் வேர்ட், எக்செலுக்கு மாற்றான லிப்ரே ஆபீஸ் முதலில், அப்புறம் 40,000க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்கு மாற்றுவது என்று படிப்படியாகப் போகிறது. வழியில் புகார்களும் சிரமங்களும் இருந்தன, ஆனாலும் நிற்கவில்லை.

சிறு அலுவலகத்துக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் பேக்கப்பை ஐரோப்பிய நிறுவனத்துக்கு மாற்றுங்கள். ஹெட்ஸ்னர், ஸ்கேல்வே, ஐயோனோஸ் என்று பல உண்டு. யாருடைய அன்றாட வேலையும் மாறாது, உங்களுக்குக் கை பழகும். அடுத்து காணொளிக் கூட்டம்: ஜிட்ஸி அல்லது பிக்புளூபட்டன். பிறகு பொதுக் கோப்புகள்: ஸ்டுட்கார்ட்டில் பிறந்த நெக்ஸ்ட்கிளவுட். அதன் பின் மின்னஞ்சலும் நாட்காட்டியும் சேர்ந்து ஒரே வார இறுதியில்: ஜெனீவாவின் ப்ரோட்டான், இன்ஃபோமேனியாக், பெர்லினின் மெயில்பாக்ஸ் போன்றவை. வேர்ட், எக்செல் கடைசியில். அங்கேதான் முள் இருக்கிறது. சாதாரணக் கடிதங்கள் லிப்ரே ஆபீஸில் பிரச்சினை இல்லாமல் திறக்கும். யாரோ எப்போதோ எழுதிய மேக்ரோ (கோப்புக்குள் தானாக வேலை செய்யும் சிறு நிரல்) உள்ள எக்செல் கோப்புதான் மாற்றத்தையே நிறுத்திவிடும். எத்தனை கோப்பில் மேக்ரோ இருக்கிறது என்று முன்கூட்டியே எண்ணிவிடுங்கள்.

எல்லாவற்றையும் சொந்த சர்வரில் நானே ஓட்டுகிறேன் என்று கிளம்பும் ஆர்வம் எனக்குப் புரிகிறது. அப்டேட் செய்ய ஆள் இல்லையென்றால் தயவுசெய்து வேண்டாம். கவனிப்பாரற்ற சொந்த சர்வர், கவனிக்கப்படும் அந்நிய சர்வரைவிட ஆபத்தானது. பராமரிப்போடு நெக்ஸ்ட்கிளவுட் தரும் நிறுவனங்கள் ஐரோப்பாவெங்கும் உண்டு, அவர்களுக்குப் பணம் கொடுங்கள்.

இப்போதைக்கு மாற முடியாதவர்களுக்கு ஒரு இடைவழி இருக்கிறது. ஜெர்மனியில் உருவான கிரிப்டோமேட்டர் என்ற செயலி, கோப்புகளை உங்கள் கணினியிலேயே என்க்ரிப்ட் செய்து பிறகு கிளவுடுக்கு அனுப்புகிறது. அங்கே இருப்பவர்களிடம் ஆணை கொண்டு யார் கேட்டாலும், கொடுக்க அவர்களிடம் படிக்க முடியாத குவியல்தான் இருக்கும். சாவி உங்களிடம். தொலைத்தால் உங்களுக்கும் அதே குவியல்தான், ஆகவே மீட்பு வார்த்தைகளைத் தாளில் அச்சிட்டுப் பெட்டகத்தில் வையுங்கள்.

புதிய ஒப்பந்தம் போடும்போது வெளியேறும் வழியைப் பற்றி முதலில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுச் சட்டம் இதில் உங்கள் பக்கம் நிற்கிறது. கிளவுட் நிறுவனம் மாற விரும்பினால் முன்னறிவிப்புக் காலம் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் தரவை எடுத்துப்போக உதவ வேண்டும். 2027 ஜனவரி 12 முதல் மாறுவதற்காகக் கட்டணமே வாங்கக் கூடாது. விற்பனையாளரிடம் ‘என் தரவு முழுவதையும் எந்த வடிவத்தில் தருவீர்கள், இப்போதே ஒருமுறை செய்து காட்டுங்கள்’ என்று கேளுங்கள். தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

படி 6: அந்த நாளுக்கான தாள்

2019 மார்ச்சில் நார்வேயின் நோர்ஸ்க் ஹைட்ரோ அலுமினிய நிறுவனம் தாக்கப்பட்டபோது, அலுவலக வாசல்களில் ‘கணினியை வலையமைப்பில் இணைக்காதீர்கள்’ என்று தாளில் எழுதி ஒட்டினார்கள். தளம் முடங்கியதால் ஃபேஸ்புக்கில் செய்தி சொன்னார்கள். ஆலைகளில் பல வேலைகளைக் கையாலும் காகிதத்தாலும் ஓட்டினார்கள். பணம் கொடுக்கவில்லை, பேக்கப்பிலிருந்து மீண்டார்கள்.

உங்கள் தாளும் காகிதத்தில்தான் இருக்க வேண்டும். அன்றைக்குத் திரை திறக்காது. அதில் எழுத வேண்டியவை: நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கு, வைஃபையை நிறுத்து, கணினியை அணைக்காதே (நினைவகத்தில் தடயம் இருக்கலாம்). அலுவலக மின்னஞ்சலில் இதைப் பற்றிப் பேசாதே, அதைத் தாக்கியவன் படித்துக்கொண்டிருக்கலாம். தொலைபேசியில் பேசு. பராமரிப்பு நிறுவனம், வங்கி, காப்பீடு, காவல் துறை, தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஆகியோரின் எண்கள். பிரான்சில் இருப்பவர்கள் 17சைபர் என்ற அரசு உதவித் தளத்தை எழுதிக்கொள்ளுங்கள், ஜெர்மனியில் பிஎஸ்ஐ என்ற அரசின் தகவல் பாதுகாப்பு அலுவலகத்தை. பணம் கேட்டு மிரட்டினால், டச்சுக் காவல் துறையும் யூரோபோலும் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் அந்த வகைக்கு இலவசத் திறவுகோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்தத் தாளை மூன்று பிரதி எடுங்கள்: ஒன்று சுவரில், ஒன்று பெட்டகத்தில், ஒன்று உங்கள் வீட்டில். வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை, அலுவலகத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, ரவுட்டரின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, தாளின் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். எந்த எண் மாறிவிட்டது, எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை என்பது மதியச் சாப்பாட்டுக்குள் தெரிந்துவிடும். அதை அன்றே பேனாவால் திருத்தி, தேதி போட்டு, மறுபடி ஒட்டுங்கள்.